திராட்சை நாட்டில் ஒரு நாள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடகிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில் நாபா பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. மேற்கே மயாகமாஸ் மலைத்தொடர். கிழக்கே வாகா மலைத்தொடர். இவ்விரண்டிற்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் 8 கிலோமீட்டர் அகலமும் கொண்ட, தொட்டில் போன்ற நிலம். இச்சிறு நிலத்தில் இன்று 400க்கும் மேற்பட்ட திராட்சை இரச ஆலைகள் உள்ளன. கலிபோர்னியா மாநிலம் வடிக்கும் இரசத்தில் நூற்றுக்கு நான்கு பங்கே இங்கிருந்து வருகிறதெனினும், பெயரும் விலையும் இதற்கே பெரிது. கடந்த ஆண்டு அறுவடைக் காலத்தில் ஒருநாள் முழுவதும் இப்பள்ளத்தாக்கிலும், அதற்கு மேற்கே மலைக்கு அப்பாலுள்ள சொனோமாவிலும் சுற்றிவரும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது.

குடியினால் குடும்பங்கள் அழிவதைப் பங்குப் பணியில் நாள்தோறும் காண்கின்ற குரு ஒருவர், மது வடிக்கும் ஆலைகளைக் காணச் செல்லலாமா என்று வாசகர் வினவலாம். நியாயமான வினாவே. நாம் நாள்தோறும் காலையில் பீடத்தருகே நின்று கிண்ணத்தில் திராட்சை இரசத்தை வார்க்கிறோம். ஒரு துளி நீரும் சேர்க்கிறோம். கொடி ஈன்றதும் மனிதக் கைகள் உழைத்ததுமான கொடை இதுவெனக் கூறி இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நம் நாவில் பழகிப்போன சொற்கள் இவை. அக்கைகள் யாருடையவை? எவ்வாறு உழைக்கின்றன? இதனைக் காணவே புறப்பட்டோம்.

பீடத்துக்குரிய இரசம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதைத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 924ஆம் சட்டம் வரையறுக்கிறது. அது திராட்சைக் கனியினின்று இயல்பாய் உண்டானதாக, கெட்டுப்போகாததாக இருத்தல் வேண்டும். பேரீச்சஞ் சாறோ, நாவற்பழச் சாறோ, சாயமும் சர்க்கரையும் கூட்டிய கலவையோ ஆகாது. சிவப்பும் ஆகலாம், வெள்ளையும் ஆகலாம். பல கோவில்களில் வெள்ளையைத் தெரிந்துகொள்வதற்கு இறையியல் காரணம் எதுவுமில்லை. பீடத் துணிகளில் கறை படியாது என்பதே காரணம். துணி துவைக்கும் அருட்சகோதரிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

நம் பங்கிலிருந்து அங்கே குடியேறிய குடும்பம் ஒன்று நம்மை அழைத்துச் சென்றது. மகன் மகிழுந்தை ஓட்டினார். “சாமி, வண்டி ஓட்டுகிறவன் இன்றைக்கு ஒரு துளிகூடத் தொடமாட்டான்” என்று புறப்படும்போதே சொல்லிவிட்டார். அவருடைய தாயார் பின் இருக்கையில் புளிச்சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவ்வம்மையாரின் கணவர் குடிப்பழக்கத்தால் நாற்பது வயதிற்குள் மாண்டவர். அடக்கச் சடங்கை நாமே நடத்தினோம். “நான் வெளியிலேயே உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்பேன், சாமி. நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார். யாரும் வற்புறுத்தவில்லை.

விளக்கொளியில் அறுவடை

பொழுது புலராத வேளையிலேயே கார்னெரோஸ் என்னும் தென்பகுதியை அடைந்தோம். சான் பாப்லோ விரிகுடாவிலிருந்து எழும் மூடுபனி இங்கே காலையில் கவிந்து நிற்கும். அந்தப் பனிக்குள் வெள்ளை விளக்குகள் அங்குமிங்கும் ஓடின. நெற்றியில் விளக்குக் கட்டிய ஆட்கள், இரு கொடி வரிசைகளுக்கு நடுவே குனிந்து, வளைந்த சிறு கத்தியால் குலைகளை அறுத்துத் தட்டில் வீழ்த்துகின்றனர். தட்டு நிறைந்ததும் தோளுக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடுகின்றனர். ஆம், நடக்கவில்லை, ஓடுகின்றனர். டிராக்டர் இழுத்துவரும் பெரிய தொட்டியில் கொட்டிவிட்டு மீண்டும் ஓடுகின்றனர். அறுத்த எடைக்கே கூலி என்னும் முறை வழங்கும் தோட்டங்களில் இவ்வோட்டத்திற்கு விளக்கம் தேவையில்லை.

இரவில் ஏன் அறுவடை? பகல் வெயிலில் சூடேறிய கனி தட்டிலேயே நசுங்கிச் சாறு வடித்து, வேளைக்கு முன்பே நொதிக்கத் தொடங்கும். இரவின் குளிரில் அறுத்த கனி இறுகி நிற்கும். அதன் புளிப்பும் மணமும் கெடுவதில்லை. ஆட்களுக்கும் வெயில் கொடுமை இல்லை. எனினும் தூக்கம் இல்லை.

தோட்டத்து மேற்பார்வையாளர் ஒரு குலையை நம் கையில் தந்தார். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைத் தின்று பழகிய நமக்கு இது வியப்பாய் இருந்தது. கனி சிறிது, தோல் தடிப்பு, விதை பெரிது, இனிப்போ நாக்கில் ஒட்டிக்கொள்ளும் அளவு மிகுதி. சாற்றின் ஒரு துளியைச் சிறு கண்ணாடிக் கருவியில் இட்டு ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தால் சர்க்கரையின் அளவு தெரிகிறது. பிரிக்ஸ் என்னும் அந்த அளவீட்டில் 24 என்றால், நூறு கிராம் சாற்றில் 24 கிராம் அளவுக்குச் சர்க்கரை என்று பொருள். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் இச்சர்க்கரையை உண்டு சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. 24 பிரிக்ஸ் சாறு, நொதித்து முடிந்ததும் ஏறத்தாழ 13 அல்லது 14 விழுக்காடு சாராயச் சத்துள்ள இரசமாகிறது. கரிய கனியின் சாறும் பெரும்பாலும் நிறமற்றதே. தோலோடு சேர்த்து ஊற வைப்பதனால்தான் சிவப்பு நிறம் இறங்குகிறது. ஆகவே கருந்திராட்சையிலிருந்தும் வெள்ளை இரசம் எடுக்கலாம். நொதிக்கும் தொட்டிகளின் மேல் தோல்கள் தடித்த போர்வையாக மிதந்து எழும். அதை நாளில் பலமுறை அமுக்கியும் நனைத்தும் விடுதல் வேண்டும். தொட்டிக்குள் நிறையும் கரியமில வாயுவை முகர்ந்து மயங்கி விழுந்து மாண்டவர் பல நாடுகளிலும் உண்டு. நம் ஊர்க் கிணறுகளில் நச்சுக்காற்றுத் தாக்கி இறந்தோரைப் பற்றி நாம் அறிவோமல்லவா? அதே வாயு அங்கும் காரணமாகலாம்.

கொடியைக் கொணர்ந்த துறவியர்

அங்கிருந்து சொனோமா நகர் சென்றோம். நகரின் நடுவே வெயிலில் உலர்ந்த மண்கற்களால் கட்டிய வெண்ணிறக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுவே சான் பிரான்சிஸ்கோ சொலானோ மறைத்தளம். பிரான்சிஸ்கன் சபைத் துறவியர் கலிபோர்னியாவில் நிறுவிய 21 தளங்களுள் இதுவே இறுதியானது. வடகோடியில் உள்ளதும் இதுவே. 1823இல் அருட்தந்தை ஹோசே அல்திமிரா இதனை நிறுவினார். முதல் தளத்தை 1769இல் சான் தியேகோவில் நிறுவியவர் ஹூனிப்பெரோ செர்ரா. அவரை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் புனிதராக அறிவித்தார்.

ஸ்பெயினிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் கப்பலில் இரசம் வரும்வரை காத்திருந்தால் திருப்பலி தடைபடும். எனவே துறவியர் தளங்களில் கொடி நட்டனர். அக்கொடிக்கு ‘மிஷன்’ என்றே பெயர் நிலைத்தது. அது ஸ்பெயின் நாட்டின் பழைய லிஸ்தான் பிரியெத்தோ வகையே என்பதை 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. ஆக, கலிபோர்னியாவின் திராட்சைத் தொழில் முளைத்தது பீடத்தின் தேவையால்தான். இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்று எண்ணியபடியே கட்டடத்தின் பக்கவாட்டிற்குச் சென்றோம்.

அங்கே ஒரு கல் நினைவுச் சின்னம் உள்ளது. 1999இல் அமைக்கப்பட்டது. அதில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தளத்தில் வாழ்ந்து, உழைத்து, இங்கேயே மாண்ட பழங்குடி மக்களின் பெயர்கள். எல்லாம் திருமுழுக்கின்போது அவர்களுக்கு இடப்பட்ட ஸ்பானியப் பெயர்கள். தாய் தந்தையர் அவர்களை எப்பெயரால் அழைத்தனர் என்பதைக் கல் சொல்லவில்லை. அவர்களுள் குழந்தைகளும் பலர். தளம் மறைத்தளமாய் இயங்கிய காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே என்பதை நினைத்தால் அத்தொகை நெஞ்சைக் கனக்கச் செய்கிறது. ஐரோப்பியர் கொணர்ந்த அம்மையும் பிற நோய்களும் பலரைக் கொண்டுசென்றன. அன்று கொடி நட்டதும் கனி மிதித்ததும் இவர்களே. புனிதர் பட்டத்தை ஒட்டி அமெரிக்கப் பழங்குடியினர் எழுப்பிய குரலைச் செய்தித்தாளில் படித்தபோது நமக்கு விளங்காத ஒன்று, அக்கல்லின் முன் நின்றபோது விளங்கியது. அம்மையார் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே சென்றார். “மரியா, மரியா, மரியா... எத்தனை மரியாக்கள், சாமி!” என்றார். அங்கேயே ஒரு பத்து மணி செபமாலை சொன்னோம்.

மதுவிலக்கும் பீட இரசமும்

மலைச்சரிவைக் கடந்து நாபாவிற்குள் நுழைந்து, 29ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் சென்றோம். இருபுறமும் கொடிகள். யவுண்ட்வில், ஓக்வில், ரதர்ஃபோர்டு, செயின்ட் ஹெலினா, காலிஸ்டோகா எனச் சிற்றூர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஓக்வில்லில் பழைய மறைத்தளத்தின் சாயலில் அகன்ற வளைவும் கோபுரமுமாக ராபர்ட் மொண்டாவி 1966இல் நிறுவிய ஆலை உண்டு. அவர் கதையைப் பின்னர்ச் சொல்வோம்.

ரதர்ஃபோர்டில் ‘போல்யூ’ என்னும் ஆலையில் இறங்கினோம். ‘அழகிய இடம்’ என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். 1900ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கிய ஜார்ஜ் தெ லத்தூர் பிரான்ஸ் நாட்டினர். ஆலைகளின் பீப்பாய்களில் படியும் புளிப்பு உப்பைச் சுரண்டி வாங்கி, ரொட்டிச் சோடாப்பொடி செய்வோருக்கு விற்றுப் பிழைத்தவர். சான் பிரான்சிஸ்கோ உயர்மறைமாவட்டத்தின் நன்மதிப்பைப் பெற்று, கோவில்களுக்கு இரசம் வழங்கும் வாய்ப்பைப் பெற்றார். அது எத்துணைப் பெரிய பேறு என்பது 1920இல்தான் தெரிந்தது.

அவ்வாண்டு சனவரி 17 முதல் அமெரிக்க நாடெங்கும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கு என்பது தமிழருக்குப் புதிய சொல்லன்று. 1937இல் சேலம் மாவட்டத்தில் அது தொடங்கிய கதையை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அமெரிக்கச் சட்டம் வழிபாட்டுக்குரிய இரசத்திற்கு விலக்களித்தது. அதனால் ஆலைகள் பல பூட்டப்பட்டபோதும், போல்யூ தன் இரசத்தை நாடெங்குமுள்ள கோவில்களுக்கு அனுப்பி வளர்ந்தது. செயின்ட் ஹெலினாவிலுள்ள பெரிஞ்சர் ஆலையும் இவ்வுரிமத்தால்தான் இடையறாது இயங்கியது. பள்ளத்தாக்கின் பழங்கொடிகளில் ஒரு பகுதியையேனும் பிடுங்கி எறியாமல் காத்தது பீடத்தின் கிண்ணமே என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வழிபாட்டுத் தேவைக்கென நாடெங்கும் அரசுக் கிடங்குகளிலிருந்து எடுக்கப்பட்ட இரசம் 1922இல் சுமார் 21 இலட்சம் காலன்; 1924இல் 29 இலட்சம் காலனைத் தாண்டியது. ஈராண்டுகளில் மக்களின் பக்தி இவ்வளவு பெருகிற்றென நம்புவதற்கு நாமும் விரும்புகிறோம்; கூடவில்லை. குரு எனவும் யூத மத போதகர் எனவும் பொய்யாய்ப் பதிவு செய்துகொண்டோர் இருந்தனர். உண்மைக் குருக்களிலும் கை நீண்டவர் இல்லாமல் இருந்திருக்கமாட்டார். அன்றியும், வீட்டில் பழச்சாறு செய்துகொள்ளச் சட்டம் தந்த இடைவெளியில், கலிபோர்னியாத் திராட்சை இரயில் ஏறிக் கிழக்கு நகரங்களின் இத்தாலியக் குடும்பங்களைச் சென்றடைந்தது. 1933 டிசம்பர் 5இல் மதுவிலக்கு நீக்கப்பட்டது.

போல்யூவில் சுவை பார்க்கும் மேசையருகே நின்றோம். கட்டணம் செலுத்தினால் நான்கைந்து வகைகளை, ஒவ்வொன்றும் ஓரிரு மிடறளவு ஊற்றித் தருகின்றனர். முதலில் நிறத்தைப் பார்த்தல், பின் கிண்ணத்தைச் சுழற்றி முகர்தல், பின் வாயில் உருட்டிச் சுவைத்தல், இறுதியில் அருகிலுள்ள கலத்தில் உமிழ்ந்துவிடுதல். உமிழ்வது அவமரியாதையன்று, தொழில் அறிந்தோர் அனைவரும் அவ்வாறே செய்கின்றனர். நாமும் செய்தோம். கேபர்நே சோவிஞ்ஞோன் என்னும் சிவப்பு இரசம் இங்கே புகழ் பெற்றது. கருப்பட்டியும் நாவற்பழமும் புதிய மரப்பலகையும் கலந்த மணம் என்று நமக்குத் தோன்றியது. அங்கிருந்தோர் வேறு பெயர்கள் பல சொன்னார்கள். நாம் பூசையில் அருந்தும் இனிப்பு இரசத்திற்கும் இதற்கும் உறவு உண்டு என்பதை நம்ப நேரம் பிடித்தது.

பாறைக்குள் வெட்டிய வழி

பெரிஞ்சர் ஆலையில் நம்மைக் கவர்ந்தது இரசமன்று, குகை. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாக்கோபு, பிரெடரிக் என்னும் உடன்பிறந்தார் இருவர் இதனைத் தொடங்கினர். மலையடிவாரப் பாறையில் நீண்ட சுரங்கங்கள் குடைந்து உள்ளே பீப்பாய்களை அடுக்கினர். வெளியே எவ்வளவு வெயிலானாலும் உள்ளே ஒரே குளிர். குடைந்தவர் சீனத் தொழிலாளர். கையில் இரும்புக் கூந்தாலம். வெடிகொண்டு பிளந்த அடையாளம் இல்லை. கொத்திய தடங்களைச் சுவரில் விரலால் தடவிப் பார்க்கலாம்.

இரயில் பாதை போட வந்த சீனர்கள் அவ்வேலை முடிந்ததும் தோட்டங்களுக்கு வந்தனர். நிலம் திருத்தினர், கொடி நட்டனர், கல் சுவர் எழுப்பினர், கனி அறுத்தனர். 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டிற்குள் வருவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. செயின்ட் ஹெலினாவிலும் நாபாவிலும் இருந்த சீனர் குடியிருப்புகள் பின்னர் மறைந்துபோயின. சுரங்கம் நிற்கிறது.

குகையின் குளிரில் வரிசை வரிசையாக ஓக் மரப் பீப்பாய்கள். 225 லிட்டர் கொள்ளும் ஒரு பீப்பாயிலிருந்து 300 புட்டிகள் நிரப்பலாம். மரத்தின் நுண்துளைகள் வழியே இரசத்தில் சிறுபகுதி ஆவியாகிக்கொண்டே இருக்கும். அவ்வப்போது ஊற்றி நிரப்ப வேண்டும். ஆவியாகும் பகுதியைத் ‘தேவதூதரின் பங்கு’ என்பது இத்தொழிலின் வழக்கு. நம் காவல் தூதர்களைப் பற்றிக் குருமடத்தில் இதைக் கற்பிக்கவில்லை.

வெளியே மரநிழலில் புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் உண்டோம்.

சகோதரர் திமோத்தேயு

செயின்ட் ஹெலினாவின் வடபால் கோட்டையோ என ஐயுறத்தக்க பெருங்கல் மாளிகை ஒன்று உள்ளது. 1889இல் கட்டி முடிக்கப்பட்டது. கிரேஸ்டோன் என்று பெயர். இதற்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. தமிழகத்திலும் இலங்கையிலும் பள்ளிகள் நடத்திவரும் தெ லா சால் சபைச் சகோதரர்களே நெடுங்காலம் இதன் உடைமையாளர்கள்.

புனித யோவான் பத்திஸ்து தெ லா சால் 1680இல் பிரான்சில் தொடங்கிய சபை இது. குருக்கள் அல்லர், ஆசிரியத் துறவியர். கலிபோர்னியாவின் மார்த்தினெஸ் என்னும் ஊரில் நவதுறவியர் இல்லத்திற்கென வாங்கிய நிலத்தில் திராட்சைக் கொடிகள் இருந்தன. 1882இல் தம் தேவைக்கும் பீடத் தேவைக்கும் இரசம் வடிக்கத் தொடங்கினர். மதுவிலக்குக் காலத்தைப் பீட இரசத்தாலேயே கடந்தனர். 1932இல் நாபாவின் வீடர் மலைக்குக் குடிபெயர்ந்து, அவ்விடத்திற்கு மோன்ட் லா சால் எனப் பெயரிட்டனர். பொருளாதார நெருக்கடி உலகை வாட்டிய காலம். பள்ளிகளுக்குக் கடன், நவதுறவியர்க்கு உணவு வேண்டும். மதுவிலக்கு நீங்கியதும் வெளிச்சந்தையிலும் விற்க முற்பட்டனர்.

1935இல் வேதியியல் ஆசிரியரான சகோதரர் திமோத்தேயு நிலவறைப் பொறுப்பாளராக அமர்த்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 25. அதன்பின் ஏறத்தாழ 50 ஆண்டுகள் அப்பணியிலேயே இருந்தார். கறுப்பு அங்கியும் வெண் கழுத்துப்பட்டியும் அணிந்து, கையில் கிண்ணம் ஏந்திய அவருடைய படம் விளம்பரங்கள் வழியே நாடெங்கும் அறிமுகமானது. 1940 முதல் பிராந்தியும் வடித்தனர். தக்கை திறக்கும் திருகுகளைச் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. அவர் சேர்த்தவை சுமார் 1,800. கையளவு திருகுகளும், விலங்குகளின் உருவில் செய்தனவும், வேடிக்கையானவையும் அதில் அடக்கம். இச்சேகரிப்பு கிரேஸ்டோனில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

வருமானம் பள்ளிகளுக்குச் சென்றது. ஏழைப் பிள்ளைகள் படித்தனர். சகோதரர்கள் ஊதியம் பெறவில்லை. எனினும் ‘சமயச் சபை நடத்தும் ஆலைக்கு வரியில்லையா?’ என்று பிற ஆலையினரும் அரசும் கேட்டனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. ஆலை வரி செலுத்தியே ஆகவேண்டும் என்று 1961இல் தீர்ப்பாயிற்று. செலுத்தினர்.

இவற்றை நாம் சொல்லிக்கொண்டு வரும்போது அம்மையார் குறுக்கிட்டார். “இதை விற்றுத்தானா, சாமி, பள்ளிக்கூடம் நடத்தினார்கள்? பிராந்தியையுமா?” ஆம் என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார். “ஒரு வீட்டுப் பிள்ளை படித்திருக்கும். இன்னொரு வீட்டுப் பிள்ளையின் அப்பா அந்தப் புட்டியை வாங்கியிருப்பார்” என்றார். மகன் சங்கடத்தோடு, “அம்மா, அந்த ஊரில் எல்லாரும் சாப்பாட்டோடு அளவாய்க் குடிப்பவர்கள்” என்று சமாதானம் சொன்னார். “உன் அப்பாவும் அளவாகத்தான் தொடங்கினார்” என்பது அவர் மறுமொழி.

நாம் அவருக்கு என்ன விடை கூறினோம்? கானாவூரில் ஆண்டவர் நீரை இரசமாக்கியதைச் சொல்லலாம். புனித பவுல் திமோத்தேயுவிற்கு வயிற்றின்பொருட்டுச் சிறிது இரசம் அருந்தச் சொன்னதையும் சொல்லலாம். இரண்டும் அவருக்குத் தெரியும். ஆகவே வேறொன்றைச் சொன்னோம். குடிநோயால் துன்புறும் குருக்களும் திருச்சபையில் உள்ளனர். அத்தகையவர் சாராயச் சத்து ஏறாத, நொதித்தல் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்ட திராட்சைச் சாற்றைக் கொண்டு திருப்பலி நிறைவேற்ற ஆயரின் இசைவைப் பெறலாம். உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003இல் எழுதிய மடல் இதனை வரையறுத்துள்ளது. “அப்படியா! சாமியார்களுக்கும் வருமா?” என்று வியந்தார். வரும் என்றோம். அவர் முகம் சற்றே நெகிழ்ந்தது. குடியைப் பாவம் என்று மட்டுமே கேட்டுப் பழகியவருக்கு நோய் என்ற சொல் அன்று எவ்வளவோ சுமையை இறக்கி வைத்திருக்கக்கூடும்.

சகோதரர்களின் எண்ணிக்கை குறைந்தது. தொழிலோ பெருநிறுவனங்களின் போட்டியாயிற்று. 1989இல் ஆலைகளை விற்றுவிட்டனர். கிரேஸ்டோன் மாளிகை சமையற்கலைக் கல்லூரி ஒன்றின் கைக்கு மாறி, 1995இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. இன்று அப்பீப்பாய்க் கூடங்களில் வெள்ளைத் தொப்பி அணிந்த மாணவர்கள் வெங்காயம் நறுக்குகின்றனர். சகோதரர் திமோத்தேயு 2004இல், 94ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

உடன்பிறந்தார் இருவர்

கிரேஸ்டோனுக்கு எதிர்ப்புறம் சார்ல்ஸ் குருக் ஆலை. 1861இல் தோன்றியது. இதனை 1943இல் வாங்கியவர் செசாரே மொண்டாவி. இத்தாலியிலிருந்து வந்து, மினசோட்டாவின் இரும்புச் சுரங்கப் பகுதியில் வாழ்ந்தவர். மதுவிலக்குக் காலத்தில் அங்குள்ள இத்தாலியருக்குத் திராட்சை தெரிந்து அனுப்புவதற்காகவே கலிபோர்னியா வந்தவர். மனைவி ரோசா. மக்களுள் ராபர்ட், பீட்டர் என ஆண்கள் இருவர். மூத்தவர் விற்பனையில் வல்லவர்; இளையவர் இரசம் வடிப்பதில் வல்லவர். தந்தை 1959இல் மறைந்தார்.

1965இல் சகோதரர் இருவரும் ஒரு குடும்ப விழாவில் கைகலந்தனர். ராபர்ட் தம் மனைவிக்கு வாங்கிய விலையுயர்ந்த மென்மயிர் மேலாடை ஒன்றே பேச்சைத் தொடங்கிவைத்தது. மேலாடை வெறும் சாக்கு; யார் சொல் எடுபடுவது என்பதே உள்ளே கனன்றது. தாய் இளையவர் பக்கம் நின்றார். மூத்தவர் குடும்ப ஆலையிலிருந்து விலக்கப்பட்டு, அடுத்த ஆண்டே ஓக்வில்லில் தம் சொந்த ஆலையைக் கட்டினார். அப்போது வயது 53. வழக்கு நடந்தது, 1976இல் ராபர்ட் வென்றார். அவ்வாண்டே தாய் ரோசா காலமானார். மூத்தவரின் பெயர் உலகெங்கும் பரவியது. ஆனால் பங்குகளை வெளியாருக்கு விற்று வளர்ந்த நிறுவனம் 2004இல் குடும்பத்தின் கையைவிட்டே போயிற்று. இளையவரின் குருக் ஆலையோ, கடன்களைத் தாங்கி, அவர் மக்கள் கையில் இன்றும் இருக்கிறது.

2005இல், ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப்பின், தொண்ணூறு வயதைக் கடந்த இருவரும் இரு குடும்பத்துக் கனிகளையும் சேர்த்து ஒரே ஒரு பீப்பாய் இரசம் செய்து, பள்ளத்தாக்கின் அறக்கொடை ஏலத்திற்குத் தந்தனர். ‘மீண்டும் ஒருமுறை’ என்பது அதற்கு அவர்கள் இட்ட இத்தாலியப் பெயர். ராபர்ட் 2008இலும், பீட்டர் 2016இல் தம் 101ஆம் வயதிலும் மறைந்தனர். இக்கதையை அம்மையார் ஆலை முற்றத்தின் இருக்கையில் அமர்ந்து கேட்டார். சொத்துத் தகராறில் பேச்சறுந்துபோன தம் அண்ணன்மார் இருவரின் வயதை விரல்விட்டு எண்ணினார். எழுபத்தாறு, எழுபத்திரண்டு. “இன்னும் நாளிருக்கிறது” என்றார். அன்றிரவே ஊருக்குத் தொலைபேசியில் பேசியதாகப் பின்னர் அறிந்தோம்.

திரும்பும் வழி

மாலையில் கிழக்கு ஓரமாகச் செல்லும் சில்வராடோ சாலையைப் பிடித்தோம். நெடுஞ்சாலையைப் போன்று நெரிசல் இல்லை. இருமருங்கும் கொடிகள் மட்டுமே. வீடுகள் இல்லாமைக்குக் காரணம் உண்டு. 1968இல் இம்மாவட்ட ஆட்சிக்குழு பள்ளத்தாக்கின் விளைநிலத்தை வேளாண்மைக்கென ஒதுக்கிக் காப்பு விதித்தது. நாட்டிலேயே இத்தகைய முதல் ஏற்பாடு இதுவே. மனைப்பிரிவுகள் நுழையவில்லை, கொடிகள் பிழைத்தன. 1976இல் பாரிசு நகரில் பிரெஞ்சு நடுவர்களே பெயர் மறைத்துச் சுவைத்து, நாபாவின் இரசங்களுக்கு முதலிடம் தந்தபின் நிலத்தின் விலையைக் கேட்க வேண்டியதில்லை. காப்பினால் விளைந்த மற்றொன்று, அங்கே உழைப்பவர்க்கு அங்கே வீடில்லை. மெக்சிகோவிலிருந்து அறுவடைக்கு வந்தோர் மகிழுந்துகளிலும் ஆற்றோரங்களிலும் இரவைக் கழித்த காலம் உண்டு.

2002இல் திராட்சைத் தோட்ட உடைமையாளர் வாக்கெடுப்பு நடத்தி, கொடி நட்ட நிலத்திற்கு ஏக்கர் கணக்கில் தாமே ஒரு வரி விதித்துக்கொண்டனர். அவ்வரியின் துணையோடு தொழிலாளர் விடுதிகள் மூன்று நடைபெறுகின்றன. ஒவ்வொன்றிலும் 60 படுக்கைகள். அவற்றுள் ஒன்று இச்சாலையின் ஓரத்திலேயே உள்ளது. பள்ளத்தாக்கில் வேலை செய்வோரின் தொகைக்கு 180 படுக்கைகள் எம்மட்டு என்பது வேறு கதை. தாமே வரி விதித்துக்கொண்ட முதலாளிகளைப் பற்றி நாம் இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டியை ஓரமாய் நிறுத்தினோம். கம்பியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. நிழலில் ஐந்தாறு பேர் அமர்ந்து கைபேசியில் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் திரையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிறு குழந்தைக்கு முகம் காட்டிச் சிரித்தார். வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளையும் கணவன்மாரையும் அனுப்பியிருக்கும் நம் பங்குக் குடும்பங்களுக்கு அக்காட்சி நன்கு தெரியும். மகன் தமக்குத் தெரிந்த ஸ்பானியத்தில் நாம் குருவானவர் என்று சொன்னார். ஒருவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார், மற்றவர்களும் எழுந்தனர். பாத்திரத்தில் எஞ்சியிருந்த புளிச்சோற்றை அம்மையார் அவர்களிடம் கொடுத்தார். காரமாயிருக்குமே என்று மகன் தயங்கினார். அவர்கள் உண்டு, இன்னும் கொஞ்சம் மிளகாய் இருந்தால் நன்றாயிருக்கும் என்றனர். நள்ளிரவு இரண்டு மணிக்கு மீண்டும் தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமாம். ஆசீர் பெற்றுக்கொண்டு உறங்கப் போயினர்.